உத்தரவு கொடுத்து வாங்கிய அவுட்

வீட்டுத் தளபதிக்கு மேஜரின் சல்யூட்.

உன் முதுகுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஞாயிறன்று முகாமில் கிரிக்கெட் ஆடினோம். புதிதாக வந்த சிப்பாய் போட்ட பந்து, ஸ்டம்புக்கு நேராக நின்ற என் காலில் பட்டது. பதறாதே, வீக்கம் வடிந்துவிட்டது. சந்தேகமே இல்லாத அவுட். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டால்தானே அம்பயர் விரலைத் தூக்குவார்?

"ஏம்ப்பா, அவுட் கேக்கலையா?" என்றேன்.

சிப்பாய் விறைத்து நின்றான். "நீங்க உத்தரவு குடுத்தா கேக்குறேன், சார்!"

கொடுத்தேன். மைதானமே அலறியது. சிரித்துக்கொண்டே வெளியேறினேன்.

பரணில் கிடக்கும் என் பழைய கால்காப்பை அனுப்பு. அணிவகுப்புக்கு விசில் ஊதிவிட்டார்கள், ஓடவேண்டும். கடைசியாக ஒன்று.

மொட்டைமாடியில் பந்து கையைவிட்டுப் போகுமுன்பே நம் மகள் "அப்பா அவுட்டு!" என்று கத்துவாளே, அதைப் பதில் கடிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல். இங்கே உத்தரவில்லாமல் என்னைப் பார்த்துக் கத்த ஒருவரும் இல்லை.

உன் மேஜர்