உன் அப்பா சைக்கிள் விட்ட கதை

வண்டிப்பெரியார்
16-2-78

அன்பு மகன் சோலைக்கு அம்மா சாந்தம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் இரண்டைத் தவிர. நீயும் ஜபல்பூர்க் குளிரில் கம்பளியைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் உடம்பில் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். உன் தங்கை மூக்கம்மாளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, மாப்பிள்ளை அடுத்த மாதம் போடியிலிருந்து கொண்டுவந்து விடுகிறாராம். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, இரண்டு நாளாகச் சீம்பால்தான். உன் போன கடிதம் கிடைத்தது. சொந்தச் சம்பளத்தில் சைக்கிள் வாங்கியது ரொம்ப சந்தோசம். ஆனால், இனி சைக்கிளுக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள் என எழுதியிருந்தாயே, அதைத் தனியாகச் சொல்லும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. கடிதத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான், எதிரில் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், முழுங்குவதற்குள் அந்த வரி வாயிலிருந்து வந்துவிட்டது. வண்டி நல்ல வண்டியா, பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டு எழுதச் சொல்லிவிட்டு, வெளியே போய்த் தன் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. இது நான் அவர் தலையில் அடித்துச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறி எழுதுவது. உன் அப்பாவுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது, சிரித்து முடித்துவிட்டு மேலே படி. இருபத்திரண்டு வருசமாக எஸ்டேட் கடிதங்கள் சுமக்கும் தப்பால் பையோடும் எஸ்டேட் சைக்கிளோடும் அலைகிற மனுஷனுக்கு, காக்கிக் கால்சட்டை செயினில் சிக்காதபடி ஸ்டீல் கிளிப்பை மாட்டாமல் வாசலைத் தாண்டாத மனுஷனுக்கு, அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பத்தடி போகத் தெரியாது. ஐம்பத்தாறில் பழைய துரை தப்பால்காரன் வேலைக்கு ஆள் தேடியபோது சைக்கிள் தெரியுமா என்று கேட்டார். மழையில் அட்டைக்கடியோடு களை வெட்டிக்கொண்டிருந்தவர் தெரியாது என்றா சொல்வார். ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்று நினைத்தார். சாயந்தரம் ஆள் கலைந்ததும் பாக்டரி முன்னால், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அவர் ஏறுவார், நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். நீ அப்போது என் வயிற்றில் நாலு மாதம். இரண்டு முறை தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தார், இரண்டாம் முறை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு விழப் பார்த்தார். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அன்றோடு பாடம் நின்றது. ஆக, அவர் சைக்கிள் பழகாமல் போனதற்கு நீயும் ஒரு காரணம், அதையும் சொல்லி வைக்கிறேன்.

அதற்கப்புறம் இந்த மலை அவரைக் காப்பாற்றியது. தபாலாபீசுக்குப் போகும்போது ரெண்டு மைலும் இறக்கம், தப்பால் பையை வைத்துக்கொண்டு பிரேக்கை நம்ப முடியாது என்று உருட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது ஏற்றம், ஏற்றத்தில் எவன் மிதிப்பான். பாலத்துப் பக்கம் கொஞ்சம் சமதரை வரும், அங்கே இடது காலைப் பெடலில் வைத்து வலது காலால் தரையை உந்திக்கொண்டு போவார், தூரத்திலிருந்து பார்த்தால் துரை மாதிரி இருக்கும். நீ பத்து வயதில் சைக்கிள் சொல்லிக்கொடு என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதாயே, எஸ்டேட் சாமானைத் தொடாதே, போய்ப் புத்தகத்தை எடு என்று விரட்டினாரே, நீ கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவக்கீனிடம் போய்ப் பழகினாயே. நீ கீழே விழுந்து முட்டி பேர்ந்து வந்தபோது எண்ணெய் தடவியவர் அவர்தான், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அன்றைக்கு என்னிடம் வந்து, "எனக்கே தெரியாதத என்னத்தச் சொல்லிக் குடுக்க? ஊருக்குத் தெரிஞ்சாலும் தெரியட்டும், சோலைக்குத் தெரியக்கூடாது" என்று சொல்லித்தான் சத்தியம் வாங்கினார். நானும் பதினொரு வருசம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போது பெங்களூரிலிருந்து ஒரு புதுச் சின்ன துரை வந்து சேர்ந்தார். போன மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த குருவம்மாள்மேல் சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. வேலூருக்குப் போனால் கட்டைக் கால் செய்து பொருத்துவார்களாம். அதற்குப் பணம் சேர்க்கச் சின்ன துரை ஒரு வழி சொன்னார், அவர் காலேஜில் செய்தார்களாம். ஆட்கள் சைக்கிளில் இங்கிருந்து குமுளி போய், மலை இறங்கி லோயர்கேம்ப் தொட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும், மொத்தம் இருபத்தெட்டு மைல். ஒவ்வொருவர் தாளிலும் ஜனங்கள் பேர் போட்டு மைலுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், பொழுது இறங்குவதற்குள் முடித்தால்தான் கொடுக்க வேண்டும். சைக்கிளில் போனால் எதற்குக் காசு, பஸ்ஸில் போய் வந்தால் தரமாட்டார்களா என்று சுவக்கீன் கேட்டதற்கு, கஷ்டப்பட்டுப் போனால்தான் ஜனங்களுக்கு மனசு இறங்கும் என்றாராம் துரை. நம் ஆட்கள் தினமும்தான் கஷ்டப்பட்டு மலை ஏறுகிறார்கள், மைலுக்கு அஞ்சு பைசா என்று இதுவரை எவரும் போட்டதில்லை. சரி, போகட்டும்.

யார் யார் போவது என்று பெரட்டில் கேட்டதும் ஒரே குரலாக உன் அப்பா பேரைத்தான் சொல்லியிருக்கிறார்கள், தினமும் வண்டியோடு இருக்கிறவர் அவர்தானே. வீட்டுக்கு வந்து கிளிப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார், தேயிலைத் தண்ணி ஆறிப்போயிற்று. மறுநாள் துரையிடம் போய், ஏற்றத்தில் இறங்கி உருட்டலாமா என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டிருக்கிறார். தாராளமாக, வண்டி கையை விட்டுப் போகக்கூடாது, பஸ்ஸிலும் லாரியிலும் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் என்றாராம். மற்றவர்கள் தாளில் பத்து பதினைந்து பேர், இவர் தாளில் அறுபத்து மூன்று பேர். கொழுந்தெடுக்கிற பெண்கள் வரிசையில் நின்று கைநாட்டு வைத்தார்கள். இவர் நின்றுவிட்டால் குருவம்மாளுக்குக் கால் இல்லை, போனால் இவருக்கு மானம் இல்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள் என்றேன். "அந்தப் பிள்ளைக்குக் காலே இல்ல சாந்தம்மா, அதுகிட்டப் போயி எனக்கு முழங்கால் வலின்னு சொல்லச் சொல்லுறியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிச் சங்கு ஊதியதும் பதினான்கு பேர் கிளம்பினார்கள். பெரிய துரை கொடி அசைத்தார், மாலை போட்டார்கள். கஷ்டப்பட்டுப் போக வேண்டும் என்று சொன்ன சின்ன துரை பின்னால் ஜீப்பில் வந்தார். கிளம்புகிற இடம் அதே பெரட்டுக்களம், சமதரை, பார்க்க இருநூறு பேர். இவரோ குனிந்து செயினை நோண்டிக்கொண்டிருந்தார், முதல் நாளே செயினைத் தளர்த்தி வைத்திருக்கிறார், கள்ளன். எல்லாரும் வளைவு தாண்டிய பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் காலால் உந்திக்கொண்டு போனார். நான் சாப்பாட்டு லாரியில் புளிச்சோற்று அண்டாவோடு போனேன். அறுபத்திரண்டாம் மைல் என்கிற ஊரைத் தாண்டி ஏற்றம் வந்ததும் பார்க்க வேண்டுமே. இளவட்டங்கள் எல்லாம் வீராப்பாக மிதித்துப் பார்த்துவிட்டு, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒரு வேர்வைகூட இல்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார். இருபத்திரண்டு வருசம் இதைத்தானே செய்தார். குமுளி டீக்கடையில் கையெழுத்து வாங்கும்போது நான்காவது ஆள் உன் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏலக்காய் மூட்டை இறக்குகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மலை இறக்கத்தில் நடந்ததைச் சுவக்கீன் சொல்லித்தான் கேட்டேன். எல்லாரும் பறந்திருக்கிறார்கள். நாலாவது வளைவில் சுவக்கீனுக்குப் பிரேக் கட்டை தேய்ந்து, வண்டி மதில் கட்டையில் முட்டி, ஆள் ஓடையில். கீழே இன்னும் இரண்டு பேருக்கு அதே கதி. உன் அப்பா இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு மாட்டை ஓட்டி வருவது போல நிதானமாக நடந்து வந்து, தலைத்துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டாராம். நீங்க ஏன் அண்ணே ஏறி வரல என்று கேட்டதற்கு, இந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது என்றாராம். பார்த்தாயா, அதுதான் அனுபவம் என்று இன்றுவரை சுவக்கீன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். திரும்பி ஏறும்போது ஒன்பது பேர் வண்டியை லாரியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர். நாலு பேர் நாலரை மணிக்கே களத்துக்கு வந்து சேர்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவைக் காணவில்லை.

பொழுது மலைக்குப் பின்னால் சாய்கிற நேரத்துக்கு வளைவில் தலை தெரிந்தது. குருவம்மாளைக் களத்து முனையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள், மடியில் ஊன்றுகோல். இவர் உருட்டிக்கொண்டு வந்தார், மாலை வாடித் தொங்கியது. சின்ன துரை கேமராவைத் தூக்கிக்கொண்டு, கடைசி நூறு அடி ஏறி வாருங்கள் நல்லதம்பி, படம் எடுக்க வேண்டும் என்றார். ஜனமும் ஏறி வா, ஏறி வா என்று கை தட்டியது. இவர் நின்றார். என்னைப் பார்த்தார். சோலை, அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியாது. பிறகு ஏறினார். வண்டி ஒரு பக்கம் விழுந்தது, இவர் ஒரு பக்கம் விழுந்தார். எழுந்து மறுபடியும் ஏறினார், மறுபடியும் விழுந்தார், கால்சட்டை முழங்காலில் கிழிந்து ரத்தம். களைப்பு என்று துரை தண்ணீரோடு ஓடினார். கை தட்டல் நின்றுவிட்டது, யாரோ ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். அப்போது குருவம்மாள் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அண்ணே, நீங்க உருட்டியே வாங்க. எனக்கு நடக்கத்தான காலு கேட்டோம், சைக்கிள் விடவா கேட்டோம்" என்றாள். அவர் வண்டியை நிமிர்த்தி, உருட்டிக்கொண்டு வந்து அவள் நாற்காலிப் பக்கத்தில் நிறுத்தினார்.

அன்று ராத்திரி அவளிடம் போய், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்களுக்கு எல்லாருக்குமே தெரியும் அக்கா என்கிறாள். காலையிலிருந்து மலைமேல் நின்று கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கீழே ரோடு தெரியாதா, இருபத்திரண்டு வருசமாக அவர் போவதையும் வருவதையும் பார்க்கிறோம், மழையோ காற்றோ ஒரு நாளும் வழியில் நின்றதில்லை, அதனால்தான் அவர் தாளில் பேர் போட்டோம் என்கிறாள். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்த அழகைப் பார். பேர் போட்டவர்களில் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை, மாசி கழிந்ததும் குருவம்மாள் வேலூர் போகிறாள்.

ஆனால் உன் அப்பா சரியாக இல்லை. மறுநாளிலிருந்து கிளிப்பை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் கால்சட்டையோடு வண்டியை உருட்டிக்கொண்டு போகிறார். எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, சோலை ஒருவனுக்காவது தெரியாமல் இருக்கட்டும் என்கிறார். அந்த ஆணியைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவர் உன்னிடம் கஞ்சத்தனம் காட்டவில்லை ராசா, வெட்கப்பட்டார். சித்திரைக்கு லீவு எடுத்துக்கொண்டு வா. வந்து அவருக்குச் சைக்கிள் பழக்கிவிடு. கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட எனக்கு இப்போது இடுப்பு வளையாது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, நீயாகக் கேட்டது போல இருக்கட்டும். அவசரப்பட்டுத் திட்டாதே, அவர் உன் முட்டிக்கு எண்ணெய் தடவியவர்.

கவரை ஒட்ட வீட்டில் ஒரு பருக்கைச் சோறு இல்லை, ஒட்டாமலேதான் அவர் கையில் கொடுக்கப்போகிறேன், தபாலாபீசில் பசைச் சட்டி இருக்கிறது. நீ பயப்படாதே, அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரியில் விளக்கில்லாமல் சைக்கிளில் போகாதே. நோய்நொடி அண்டாமல் நூறு வயது இருப்பாய், மாரியம்மன் உன் கூடவே வருவாள்.

இப்படிக்கு
உன் அம்மா
சாந்தம்மாள்

சோலைக்கு அப்பா எழுதுவது. வீட்டில் சோறு இருந்தது, காலையில் நான்தான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிறத்தியார் கடிதத்தைப் படித்தது இருபத்திரண்டு வருசத்தில் இதுதான் முதல் தடவை. அம்மா எழுதியதில் ஒரு தப்பு, அந்தக் காலத்தில் செடிக்குள் விழுந்தது இரண்டு முறை இல்லை, மூன்று முறை, மூன்றாவது அவளுக்குத் தெரியாமல் தனியாகப் போய் விழுந்தேன். அன்றைக்கு உன்னை விரட்டியது வண்டிக்காக இல்லை. சீட்டை இரண்டு விரல்கடை இறக்கி வைத்திருக்கிறேன். லீவு என்றைக்கு என்று எழுது.

நல்லதம்பி