எஸ் ஆன அலை

14/7, திங்கள்
காத்து. புழுதி. ரெண்டு டெஸ்ட். கண்ணு எரியுது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி குழி தோண்டி பூகம்பம் பதியுற கருவி வச்ச ஆய்வுக்கார அக்கா வகுப்புக்கு வந்தாங்க. எங்கயோ பூமி ஆடினா இங்க ரெண்டு அலை வருமாம். முதல்ல பி. பின்னாடி மெதுவா, குறுக்கால ஆட்டிக்கிட்டு எஸ். பூமிக்குள்ள யாரும் போய்ப் பார்க்க முடியாது (அப்பாவோட போர்வெல் ரிக்கே ஆயிரத்தி இருநூறு அடியில மூச்சு வாங்குது). அலைதான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுது. உள்ள தண்ணி மாதிரி உருகிக் கிடக்கிற இடத்துல எஸ் மட்டும் போகாதாம்.

"தண்ணியக் கண்டா எஸ் ஆயிடும். அதான் பேரே எஸ்ஸாக்கா?"

அக்காவும் சிரிச்சாங்க. பக்கத்துல இருந்த ஷாஹிதாகிட்ட, அக்காவுக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்: "பவித்ரா நான் பி. எப்பவும் லேட்டா வர்ற நீதான் எஸ்."

15/7, செவ்வாய்
பி.டி. பீரியட். நானும் ஷாஹிதாவும் கருவிக் குழியோட மூடி மேல ஏறிப் பத்துக் குதி. ராசிபுரம் பூகம்பம். வாட்ச்மேன் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.
"ஆளு வருது புள்ள, எஸ் ஆயிடலாம்."
ஆயிட்டோம். முழங்கால் வலி.

17/7, வியாழன்
அக்கா லேப்டாப்போட வகுப்புக்கு வந்தாங்க. செவ்வாய்க்கிழமை எங்கயோ தூரத்துக் கடல்ல பெரிய பூகம்பமாம். பி அழகா பதிஞ்சிருக்கு. எட்டு நிமிஷம் கழிச்சு எஸ் வரணும். அதுக்குள்ள கருவி சாஞ்சு, கோடு ஓரத்துல முட்டி நிக்குது.

"இந்த மாதிரி ஒண்ணுக்குத்தான் காத்திருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டல. திட்டியிருக்கலாம்.

கூட வந்த ஹெச்.எம். வாட்ச்மேனை அங்கயே கூப்பிட்டார். "குழிப் பக்கம் மாட்ட உட்டியா?"
"இல்லீங்க சார். டீக்குப் போனனுங்க, அஞ்சு நிமிசமுங்க."
"திங்கக்கிழமைல இருந்து டீக்கடையிலயே இரு."

அண்ணன் சாவிக்கொத்தை மேசையில வச்சார். சத்தம் வராம.
ஹோம்வொர்க் செய்யல.

18/7, வெள்ளி
ஷாஹிதா: "யாருக்குத் தெரியப் போகுது? பேசாம இரு சாமி." பேசாம இருந்து இருந்தே அலுப்பு. மூணாவது பீரியட் எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஹெச்.எம். ரூம். அக்காவும் இருந்தாங்க.
"குதிச்சது நானுங்க சார். அண்ணன் ஒண்ணும் பண்ணல."

ரொம்ப நேரம் திட்டு. பாதி காதுல விழல. கடைசியா சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார். "நீயே கொண்டு போய்க் குடு. திங்கக்கிழமை வரச் சொல்லு."

அக்கா அலை பதிஞ்ச தாளைப் பார்த்துக்கிட்டே, "தனியாவா குதிச்ச?"
"ஆமாங்கக்கா."

கதவு திறந்துச்சு. துப்பட்டா நுனியைக் கடிச்சுக்கிட்டு ஷாஹிதா. "நானுமுங்க சார்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாங்க.
"எட்டு நிமிஷம். எஸ் வந்துடுச்சு."