கடம்பூரில் கிராஸிங்

என்னங்க,

நீங்கள் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது கூப்பிட்ட மாதிரியேதான் இப்போதும் கூப்பிடுகிறேன். அன்பு குறையவில்லை. சந்தேகமும் குறையவில்லை.

நம் கோவில்பட்டி ஸ்டேஷனை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. மேலே கரண்டுக் கம்பி ஓடுகிறது, பக்கத்திலேயே இரண்டாவது தண்டவாளம். ஒரு வண்டிக்கு வழிவிட்டு இன்னொரு வண்டி காத்துக் கிடப்பதெல்லாம் முடிந்துபோனது. அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. திருநெல்வேலியில் வேலை முடிந்து ஏழு மணிக்கு இறங்க வேண்டியவர் எட்டரைக்கு வந்து நிற்பீர்கள். "கடம்பூர்ல கிராஸிங்ல போட்டுட்டான்" என்பீர்கள். ஒற்றைத் தண்டவாளக் காலத்தில் ஊரே சொன்ன சாக்குதான் அது. மற்ற வீடுகளில் நம்பினார்கள்.

நான் எப்படி நம்புவேன்? வாரத்தில் மூன்று நாள் கிராஸிங். கையில் கடம்பூர் போளி, அதுவும் சூடாக. ஒன்றரை மணி நேரம் நின்ற வண்டியில் போளி மட்டும் எப்படி ஆறாமல் இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து வந்தது யார், ஏன் சட்டை கசங்கியிருக்கிறது என்று, நீங்கள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவேன். நீங்களோ போளிப் பொட்டலத்தை நீட்டிவிட்டு முகம் கழுவப் போய்விடுவீர்கள்.

போன மாதம் மகளைச் சென்னை வண்டியில் ஏற்றிவிடப் போனேன். பக்கத்துத் தெரு மாடசாமி அண்ணாச்சியும் பிளாட்பாரத்தில் இருந்தார். வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராயிற்றே, ஸ்டேஷன் கதையை ஆரம்பித்துவிட்டார். கரி எஞ்சின் நின்று தண்ணீர் பிடித்தது, மீட்டர்கேஜைப் பிடுங்கி அகலப் பாதை போட்டது, கூட்ஸில் பருத்திப் பொதி ஏற்றியது என்று ஒன்றையும் விடவில்லை. எந்த வண்டி எங்கே காத்து நின்றது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அந்தக் காலத்துச் சாயங்காலப் பாசஞ்சர் கடம்பூரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மெல்லக் கேட்டேன்.

"அதுக்குக் கடம்பூர்ல கிராஸிங்கே கிடையாதே மதினி. மணியாச்சியிலயே முடிஞ்சிரும். இங்கன ஏழு மணிக்கு டாண்ணு வந்துரும்" என்றார்.

இருபது வருடமாகப் பொய்! மறுநாளே கடம்பூருக்கு டிக்கெட் எடுத்தேன். அவள் யார், இன்னும் இருக்கிறாளா, பார்த்ததும் என்ன கேட்பது என்று கரிசல் காட்டைப் பார்த்தபடி வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

ஸ்டேஷனை ஒட்டிய போளிக்கடையில் இருந்தது சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு வயசாளி. போனில் உங்கள் படத்தைக் காட்டினேன். உங்கள் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டேன்.

"இந்த அண்ணாச்சியா? இங்கன இறங்கி, வந்த வண்டியைப் போக விட்டுட்டு அந்தா அந்தக் கல்பெஞ்சுல ஒத்தையில உக்காந்திருப்பாவ. அடுத்த வண்டிக்கு மணி அடிச்ச பொறவுதான் சூடா போளி வாங்குவாவ. வீட்டுக்குப் போகலயான்னு ஒருநாள் கேட்டேன். போனா கேள்வி கேப்பா, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுப் போறேன்னாவ."

அவ்வளவுதானா? அவர் எதையாவது மறைக்கிறாரோ என்று இரண்டு தரம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? நீங்கள் பிந்தி வந்ததால் நான் கேட்டேன். நான் கேட்பேன் என்று நீங்கள் பிந்தி வந்தீர்கள். முதலில் ஆரம்பித்தது யார்? நானாகத்தான் இருக்கும். நினைக்க நினைக்க அழுகை வந்தது.

அந்தக் கல்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். திரும்ப வேண்டிய வண்டி வந்தது. எழுந்திருக்க மனசில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். காற்று நன்றாக இருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

வீடு வந்து சேர எட்டு மணி. கதவைத் திறக்கும்போதே மகள் போனில் பிடித்துக்கொண்டாள். எங்கே போனீங்க, யார்கூடப் போனீங்க, ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரே கேள்வி. என் குரலை நானே கேட்பது போல இருந்தது.

"ஏட்டி, கடம்பூர்ல கிராஸிங்ல போட்டுட்டான்" என்றேன்.

நம்பினாளோ என்னவோ.

நான் அங்கே வந்த பிறகு நீங்கள் எவ்வளவு பிந்தி வந்தாலும் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். இது சத்தியம். செருப்பைக் கழற்றி உட்காருங்கள், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்களைக் கல்பெஞ்சில் உட்கார வைத்த உங்கள் வீட்டுக்காரி,
சண்முகத்தாய்