பத்திரகாளி அம்மாளின் இடது தோள்

சிவகாசி
3.6.2024

அன்புள்ள செல்விக்கு,

நலம்தானே? விருதுநகரில் பெண்களுக்கு மட்டும் தாய் மசாஜ் செய்கிறாய் என்று மருமகள் ஐஸ்வர்யா சொன்னாள். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கானது என்று நினைத்துவிட்டேன். "அத்தை, அது தாய்லாந்து!" என்று சிரித்தாள்.

எனக்கு வயது அறுபத்திரண்டு. பட்டாசு ஆலை நிர்வாகம் முழுக்க என் தலையில். ஐந்து வருடமாக இடது தோள் கல்லாக இறுகிக் கிடக்கிறது. தூக்கமும் இல்லை. உடுப்பைக் களைய வேண்டுமா? எண்ணெய் உண்டா? வலிக்குமா? அலுவலகத்தில் எல்லாருக்கும் என் போன் மேல்தான் காது. அதனால் டிரைவர் நல்லசிவத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவரிடமே கொடு.

அன்புடன்
பத்திரகாளி கனகசபாபதி

விருதுநகர்
4.6.2024

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

உடுப்பைக் களைய வேண்டாம். தொளதொளவென்று பருத்தி உடை நாங்களே தருவோம். எண்ணெய் கிடையாது. தரையில் விரித்த மெத்தையில் படுத்தால் போதும். பாதத்தில் தொடங்கி உள்ளங்கை, கட்டைவிரல், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அழுத்திக்கொண்டே மேலே வருவேன். பிறகு கைகால்களை மெல்ல இழுத்து வளைப்பேன். ஒன்றரை மணி நேரம் ஆகும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், ஆபரேஷன் எதுவானாலும் முன்பே சொல்லிவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் வலிக்கும். பிறகு இறுக்கம் தளரும், தூக்கம் வரும். நோயைக் குணமாக்கும் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

அவசியம் வாருங்கள். காத்திருக்கிறேன்.

பணிவுடன்
செல்வி

சிவகாசி
22.7.2024

அன்புள்ள செல்விக்கு,

ஐந்து முறை வந்துவிட்டேன். இடுப்பு லேசாகிவிட்டது, குனிந்து செருப்பு மாட்டுகிறேன். பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்துச் செய்யமாட்டாள். ஆனால் உன் மேல் ஒரு குறை. என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. "மூச்ச விடுங்கம்மா" என்பதோடு சரி.

இடது தோள் மட்டும் அப்படியே இருக்கிறதே, ஏன்?

அன்புடன்
பத்திரகாளி

விருதுநகர்
24.7.2024

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நேற்று நீங்கள் வந்தபோது அந்தத் தோளைத் தொட்டு, "மனசுல எதையாச்சும் புடிச்சு வச்சிருக்கீகளா?" என்று கேட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சிலருக்கு மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் உடம்பும் தளர்ந்து கொடுக்கும். வாயால் சொல்ல வராவிட்டால் எழுதுங்கள். எனக்கே அனுப்பினாலும் சரி. படிக்கிறேன்.

பணிவுடன்
செல்வி

சிவகாசி
28.8.2024

அன்புள்ள செல்விக்கு,

ஒரு மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2019 மே மாதம். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினொரு பேரை உட்காரவைத்தேன். போர்மேன் ராஜபாண்டியன், "வேண்டாம்மா, வெக்கை கூடுதலா இருக்கு" என்றான். "லோடு நாளைக்குப் போகணும்லே, வேலையப் பாரு" என்றேன். மதியம் வெடித்தது. நாலு பேர் சாப்பாட்டுக்கு வெளியே வந்திருந்ததால் தப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஆறு பேர் இறந்துவிட்டார்கள்.

மாடத்தி என்று ஒருத்தி பிழைத்துக் கிடந்தாள். அவள் வெடிமருந்து வாளியைக் கீழே போட்டதால்தான் தீப்பிடித்தது என்று நாங்களே வாக்குமூலம் எழுதினோம். மயக்கத்தில் கிடந்தவளின் கட்டுப் போடாத ஒரே விரலில் மை தடவி ரேகை வாங்கினோம். அவள் எதையும் கீழே போடவில்லை. இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது.

இதை எழுதி முடித்த பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன். தோளும் தளர்ந்திருக்கிறது. படித்ததும் கிழித்துவிடு கண்ணு.

அன்புடன்
பத்திரகாளி

எம். புதுப்பட்டி
2.9.2024

பத்திரகாளி அம்மாளுக்கு,

கிழிக்கவில்லை.

மாடத்தி இந்த ஊரில்தான் இருக்கிறாள். நான் அவளுடைய மகள். ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அன்றைக்கு நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்து வருடமாக என் அம்மா குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுவார்கள். வேலுத்தாயின் மகன் செல்வக்குமார் அந்த அறையில் செத்தவன். "ஆறு பேர முழுங்குனவ" என்று வேலுத்தாய் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அம்மா அவளுக்குப் பதில் சொன்னதே இல்லை. தன் கையால்தான் நடந்ததோ என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

முதல் நாள் உங்கள் தோளில் முழங்கையை வைத்தபோது என் எடை முழுவதையும் இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இறக்கவில்லை. எலும்பு முறிந்தால் மூன்று மாதத்தில் கூடிவிடும். எனக்கு அது போதாது. அதனால் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். நீங்கள் என்னை நம்ப வேண்டும், அவ்வளவுதான். ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நீங்களாக அப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தேதான் எழுதவில்லை.

வருகிறவர்கள் சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை மீறப் போகிறவள் அங்கே இருப்பது சரியில்லை. சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டேன்.

நேற்று ஆறு வீட்டாரையும் வரவழைத்து உங்கள் கடிதத்தை வாசித்தேன். முடித்ததும் வேலுத்தாய் எழுந்து வந்து என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்று காலை கடிதத்தை எங்கள் வக்கீல் யோகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டேன். ராஜபாண்டியன் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். போலீஸ் வரும்போது உங்கள் கையெழுத்து இல்லை என்று சொல்லிப் பாருங்கள். மற்ற இரண்டு கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று எல்லாரும் போன பிறகு அம்மா கேட்டாள்:

"மொதலாளியம்மாகிட்ட இத ஏமாத்தியா வாங்குன?"

"ஆமா."

கடிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த வாளிய நான் போடலேன்னு எழுதியிருக்காள்ல, அத மட்டும் இன்னொருக்கா வாசி. மெதுவா வாசி."

வாசித்தேன்.

மாடத்தி மகள்
செல்வலட்சுமி