அழக்கூடாத வீடு

இன்று காலை இனியா அலமாரியின் கீழ்த்தட்டைக் கலைத்துப்போட்டு, பழைய போர்வைகளுக்கு அடியிலிருந்து அந்த ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். விரலில் கவ்வி ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று காட்டும் அந்தச் சின்ன வெள்ளைக் கருவியை நான் பார்த்து நான்கு வருடம் இருக்கும்.

"அம்மா, இது துணி கிளிப்பா?"

"இல்லடி. விரல்ல மாட்டறது. நீ சின்னப் பாப்பாவா இருந்தப்ப உனக்கு மாட்டுவோம்."

"வலிக்குமா?"

"வலிக்காது."

அவள் அதைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். எதுவும் எரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த கவின் வந்து அதை வாங்கி, பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தான். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தான், நாற்காலி போட்டு ஏறி மேல்தட்டில் வைத்துவிட்டு இறங்கினான். இனியாவைக் கேட்டால் தெரியாது, அவனுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்கு இரண்டு தாண்டியிருந்தது.

இரண்டு பேரையும் ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டேன். மருந்துக்கடையில் எனக்கு இன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. அதனால் சுவரிலிருக்கும் உங்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டியவை நிறையச் சேர்ந்துவிட்டன.

இனியா பிறந்த வாரத்தில் அந்த டாக்டர் அம்மா ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினாரே, நினைவிருக்கிறதா? கீழே இரண்டு அறைகளுக்கு நடுவில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழி குறுகல். எடை ஏறட்டும், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார். அதுவரை ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அழுதால் உடம்பு நீலமாகும், மூச்சு முட்டும். அதனால் குழந்தையை அழ விடக்கூடாது.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "அழாம ஒரு புள்ளைய எப்படி டாக்டர் வளர்க்கறது?"

"முடிஞ்ச வரைக்கும் பாருங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய இந்த மாடி வீடு அழக்கூடாத வீடாயிற்று. பசி எடுப்பதற்கு முன் பால். தூக்கம் கலைவதற்கு முன் தோள். ஊசி இறங்குவதற்கு முன் கிலுகிலுப்பை. குக்கர் விசில் வந்தாலும் நீங்கள் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பீர்கள். சிலநாள் எவ்வளவு பார்த்தும் தவறிவிடும். உதடும் நகமும் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும், கண் செருகும். நான் பதறி நிற்பேன், நீங்கள்தான் தூக்குவீர்கள். முழங்கால்களை மடக்கி அவள் நெஞ்சோடு சேர்த்து, உங்கள் இடது தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பீர்கள். நடக்கும்போது, தினமும் வேலைக்குப் போகும் வழியை, கண்டக்டர் குரலில் சொல்வீர்கள். "மாம்பழச்சாலை, சத்திரம், மெயின்கார்டு கேட், காந்தி மார்க்கெட், பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் இறங்கு." திருவெறும்பூர் வருவதற்குள் பெரும்பாலும் அவளுக்கு மூச்சு சீராகியிருக்கும். ஆகாவிட்டால் அதே ஊர்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வருவீர்கள். உங்கள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

கவினின் பாடுதான் கஷ்டம். அவன் பொம்மையை அவள் பிடுங்கினால் அவன் விட்டுவிட வேண்டும். அவன் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தாலும் விட்டுவிட வேண்டும். "அவ அழுதா ஆகாதுடா" என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒருநாள் அவன் கட்டிய கட்டைக் கோபுரத்தை அவள் தட்டிவிட்டாள். அவனுக்கு உதடு துடித்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், சத்தமே வரவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தான். நீங்கள் சட்டை மாட்டிக்கொண்டே அதைப் பார்த்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் அவனை வண்டியில் உட்காரவைத்து வெளியே கூட்டிப்போக ஆரம்பித்தீர்கள். பஜ்ஜி வாங்கிக் கொடுத்து ஊர் சுற்றிக் காட்டுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு இரண்டு வயது தாண்டிய அந்தச் சித்திரையில் தோள் வலிக்கிறது என்றீர்கள். இடது தோள். "பாப்பாவத் தூக்கித் தூக்கியே இறங்கிப்போச்சு" என்று சிரித்தீர்கள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். ஒருமுறை விளையாட்டாக இந்த ஆக்ஸிமீட்டரை உங்கள் விரலில் மாட்டிப் பார்த்து, "எனக்கு நல்லாத்தான்டி இருக்கு, உன் பொண்ணுக்குத்தான் பத்தல" என்றீர்கள். வீட்டிலிருந்த எல்லோருடைய காதும் ஒரே ஒரு சின்ன நெஞ்சின்மேல் இருந்தது. முப்பத்தாறு வயதில் ஒரு ஆம்பளைக்கு மாரடைப்பு வரும் என்று யாருக்குத் தோன்றும்?

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒர்க்‌ஷாப்பில் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் உட்கார்ந்தீர்களாம். தண்ணீர் கேட்டீர்களாம். கொண்டுவந்து கொடுப்பதற்குள் முடிந்துவிட்டதாம். கூட வேலைபார்த்தவர் போனில் சொன்னபோது இனியா என் மடியில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் "சரிங்க" என்றேன். போனை வைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டினேன். என் முகம் மாறினால் அவள் அழுவாள்.

கீழ்வீட்டு மாமி எப்படியோ செய்தி தெரிந்து தானாகவே படியேறி வந்தார். நான் ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் ஏன் என்று புரிந்துகொண்டார். "கொழந்தை எங்காத்துல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன், நீ இங்க இரு" என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

வையம்பட்டியிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு உங்கள் சொந்தம் எல்லாம் வந்தது. உங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். தெருமுனையிலேயே மாரடித்துக்கொண்டு வருவார்கள். அன்று உங்கள் அண்ணன் வாசலில் நின்றுகொண்டார். வயலிலிருந்து அப்படியே வந்தவர், காலில் சேறுகூடக் காயவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தம் போடாம வாங்க. பாப்பா கீழ இருக்கு. காதுல விழுந்தா அதுக்கு ஆகாது" என்று சொன்னார். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு படியேறினார்கள். கூடம் நிறைய ஆட்கள். உங்களைச் சுற்றி உட்கார்ந்து, உடம்பு குலுங்கக் குலுங்க, வாய் திறக்காமல் இருந்தார்கள். யாராவது ஒருவருக்கு மீறி விம்மல் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து அழுத்தினார். அப்படி ஒரு சாவை நான் பார்த்ததில்லை. நானும் அழவில்லை. உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷூ போட்டுப் போட்டுக் காய்த்துப்போன அந்தக் குதிகால் அதற்குள் சில்லிட்டிருந்தது.

கொள்ளிடக் கரைக்குக் கவினையும் கூட்டிப் போனார்கள். மொட்டையடித்து ஈர வேட்டியோடு திரும்பி வந்தான். உங்கள் அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வீட்ல வாயே தொறக்காத புள்ளம்மா. ஆத்துக்கரை வந்ததும் கத்துனான் பாரு, அப்படி ஒரு கத்து. எங்க யாராலயும் தேத்த முடியல."

காரியம் எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, அவன் தலையில் சந்தனம் தடவும்போது அதைப் பற்றிக் கேட்டேன்.

"அங்க அழலாம்மா" என்றான்.

"யார் சொன்னா?"

"அப்பாதான். ஞாயித்துக்கிழமை அங்கதான் கூட்டிட்டுப் போவாங்க. மணல்ல இறக்கிவிட்டு, இங்க யாருக்கும் கேக்காது, கத்து, அழு, என்ன வேணா பண்ணுன்னு சொல்லுவாங்க."

"நீ அழுவியா?"

"மொதல்ல வராது. அப்புறம் வந்துடும்."

"அப்பா என்ன பண்ணுவாங்க?"

"அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவாங்க. அவங்களும் அழுவாங்கம்மா. அப்புறம் மூஞ்சி கழுவிட்டு பஜ்ஜி வாங்கித் தருவாங்க."

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். பத்து வருடம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். உங்களுக்கு அழத் தெரியும் என்பதை நீங்கள் போனபிறகு நம் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷனுக்கு ஆவணியில் சென்னைக்கு வரச்சொல்லியிருந்தார்கள் அல்லவா. "வருஷம் திரும்பட்டும்மா" என்றார் உங்கள் அண்ணன். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே வருடத்தில் இன்னொன்று என்றால் தாங்க மாட்டோம் என்று அவர் பயந்தார். நானும் தலையாட்டினேன். ஆனால் ஆடியில் ஒருநாள் காலை, குளிப்பாட்டும்போது இனியாவுக்குக் கண்ணில் சோப்பு பட்டுவிட்டது. வீறிட்டாள். நீலம் ஏறிற்று. நான் தூக்கினேன், முழங்காலை மடக்கினேன், நடந்தேன். நீங்கள் சொல்லும் ஊர்களை எல்லாம் சொன்னேன். திருவெறும்பூர் வந்துவிட்டது, அவளுக்கு மூச்சு வரவில்லை. திரும்பச் சொன்னேன். மறுபடியும் வரவில்லை. என் தோளில் அவள் தலை துவண்டு கிடந்தது. கவின் வாசல்படியில் நின்று, "பால்பண்ணைய விட்டுட்டம்மா, பால்பண்ணைய விட்டுட்ட" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எப்படியோ மூச்சு திரும்பியது. ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்து உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நான் ஆவணியிலயே சென்னைக்குப் போறேன். நீங்க கூட வரீங்களா?"

"டிக்கெட் நான் எடுத்துடறேன்மா" என்றார்.

ஆபரேஷன் நடந்த நாளில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துண்டை முறுக்குவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே கொண்டுபோகும்போது இனியா என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். அவளைப் பொறுத்தவரை, போகிறவர்கள் எல்லாரும் திரும்பி வருபவர்கள்தான். சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். உங்கள் அண்ணன் அவர் காலில் விழப்போனார், அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

சில நாள் கழித்து, நெஞ்சில் செருகியிருந்த குழாயை எடுத்தபோது அவள் அழுதாள். அவள் வாழ்க்கையில் அப்படி அழுததில்லை. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். நான் பழக்கத்தில் ஓடிப்போய்த் தூக்கக் குனிந்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்தார். "விடுங்கம்மா, அழட்டும். நல்லா அழுதாதான் நுரையீரல் விரியும்."

நான் அவள் உதட்டைப் பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது. அவள் அழ அழ அது சிவப்பாகவே இருந்தது. வராந்தாவுக்கு வந்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே வைத்துத்தான் உங்களுக்காக அழுதேன். வைகாசியில் வரவேண்டியது அப்போதுதான் வந்தது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஓடிவந்தார்கள். உங்கள் அண்ணன் அவர்களிடம், "ஒண்ணுமில்லைங்க, அவ புருஷன் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு, தானும் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இப்போது இனியா ஒன்றாம் வகுப்பு. ஓடுகிறாள், விழுகிறாள், பென்சில் உடைந்தால்கூட ஓவென்று அழுகிறாள். இதய வால்வில் கசிவு இருக்கிறது. வருடாவருடம் எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், வளர்ந்தபிறகு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார்கள். பயம் வீட்டை விட்டுப் போகவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கவின் இன்னும் அவளுக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறான். வேண்டாம்டா, இனி சண்டை போடு என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு முறை தவிர அவனுக்கு அது வரவில்லை.

போன வாரம் ஸ்கூலில் குடும்பப் படம் வரைந்துவரச் சொன்னார்கள். இனியா எங்கள் மூன்று பேரையும் வரைந்தாள். பக்கத்தில் உங்களை, கழுத்தில் பெரிய மாலையோடு வரைந்தாள். சுவரில் இருக்கும் படத்தைத் தவிர உங்களைப் பார்த்த ஞாபகம் அவளிடம் எதுவும் இல்லை. நீங்கள் எப்போதும் மாலை போட்டிருப்பீர்கள் என்று நினைத்திருக்கிறாள். கவின் அதைப் பார்த்துவிட்டான்.

"அப்பா மாலை எல்லாம் போட மாட்டாங்க" என்றான். அவன் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

"போட்டிருக்காங்களே" என்று சுவரைக் காட்டினாள் அவள்.

அவன் ரப்பரை எடுத்துத் தாள் கிழிந்துவிடாமல் அந்த மாலையை அழித்தான். பூ ஒவ்வொன்றாக அழிந்தது. அவள் தன் படத்தில் கைவைத்ததற்காக அழத் தொடங்கினாள். அவன் விடவில்லை. முழுக்க அழித்துத் துகளை ஊதித் தள்ளிவிட்டு நீலக் கலரை அவள் கையில் கொடுத்தான். "நீல சட்டை. ஒர்க்‌ஷாப்புக்கு அதான் போட்டுட்டுப் போவாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அம்மா, சட்டை கை முழுசா, பாதியா?"

"முழுக்கைதான். முழங்கைக்கு மேல மடிச்சுவிட்டிருப்பாங்க."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டும்."

"அப்புறம்?"

அப்புறம், அப்புறம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இடது புருவத்தில் தழும்பு, சட்டைப் பையில் அளவு குறிக்க எப்போதும் ஒரு சாக்பீஸ், சிரித்தால் முதலில் மூடிக்கொள்ளும் கண். உங்கள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் கிடந்தவள் அவள்தான். அவளுக்கு மட்டும் அது ஞாபகத்தில் இல்லை. அதனால் எனக்கு எதுவும் மறந்துவிடக்கூடாது. ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறேன், அவள் வரைகிறாள்.