நாலு காலுக்கும் பலகை

தம்பி,

அப்பாவைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று அவர் கண்ணைத் திறந்ததும், "காலுக்கடியில பலகை வச்சாச்சா?" என்றார். நர்ஸ் ஓடிவந்து அவர் காலுக்கடியில் தலையணை வைத்தாள்.

"இந்தக் காலு இல்லம்மா, டிரெய்லரோட காலு!"

டயரைக் கால் என்பது நம் வீட்டைத் தாண்டி யாருக்குத் தெரியும்? எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"வச்சாச்சு" என்றேன்.

"யாரு?"

"உங்க மகன்தான்."

"வண்டிய வித்துடுன்னு சொல்லிட்டு, முகம் குடுத்துப் பேசாம திரியிறானே, அவனா?"

"பேசலை. ஆனா வச்சான்."

பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

டிரெய்லர் இன்னும் வெறும் மண்ணில்தான் நிற்கிறது. ஐந்து மணிக்கு வந்துவிடுவோம். வாசப்படி ஏறுவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். ஜாக்கி கொட்டகையில் இருக்கிறது. சாவி கடிகாரத்துக்குப் பின்னால். ஒவ்வொரு டயராகத் தூக்கி அடியில் பலகை வை; மண் ஈரம் ஏறாது. வெயில் படாமல் சாக்கால் மூடிக் கட்டு.

அம்மா

தூக்குவதற்கு முன் மற்ற டயர்களுக்குக் கல் முட்டுக் கொடு, உருண்டுவிடும்.

காற்று குறைந்திருந்தால் அடித்துவிடு.

அவரிடம் நீ பேசக்கூட வேண்டாம். பலகையை வைத்தால் போதும்.