மருமகன் ஊர்க் கோட்டை

ஜூன் 8, ஞாயிறு

விடியத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. இவருக்கு முழங்கால் நோ, அதனால் கோபம். எனக்கு இவருடைய கோபத்தால் கோபம். மகள் பிரணவி வட்ஸ்அப்பில் எடுத்ததும் இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

மார்ச்சில் ஓக்லண்டை விட்டு வேல்ஸுக்குப் போன பிள்ளை. எங்களுக்கு ஞாயிறு காலை என்றால் அவளுக்குச் சனி இரவு, அதுதான் அவள் எடுக்கும் நேரம். லான்மோரன் என்று ஒரு சின்னச் சந்தை நகரம். மருமகன் ஜனார்த்தன் அங்கே பாமசி, மருந்துக் கடை, வைத்திருக்கிறார், கடைக்கு மேலேயே வீடு. இன்றைக்குச் சந்தை மண்டபத்தைப் பற்றிச் சொன்னாள். கல் தூண்கள், மேலே மணிக்கூடு. ஒரு காலத்தில் அதற்குக் கீழே கம்பளி விற்றார்களாம். இப்போது வியாழக்கிழமைகளில் சீஸும் பூக்கன்றும் விற்கிறார்களாம்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அவளுடைய தமிழ். இங்கே பிறந்தவள். இவ்வளவு காலமும் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். இப்போது முழு வசனம் வசனமாகக் கதைக்கிறாள். "அவருக்குத் தமிழிலை கதைச்சால்தான் பிடிக்கும் அம்மா" என்றாள். சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றி இறக்கியும் நடக்காத காரியத்தை மருமகன் வந்த கையோடு செய்துவிட்டார். கெட்டிக்காரர்தான்.

ஜூன் 10, செவ்வாய்

இவர் போகிற இடமெல்லாம் லான்மோரன் புராணம். த்ரீ கிங்ஸ் கடையில் வாழைப்பழம் பார்த்துக்கொண்டு நின்ற தமிழ்நாட்டுக்காரர் பழனிவேலைப் பிடித்து வைத்து, "என்ரை மருமகன்ரை ஊரிலை தொள்ளாயிரம் வரியத்துக் கோட்டை இருக்கு" என்கிறார். மருமகனுக்கு முதுசமாக வந்த கோட்டை மாதிரி. அந்த மனிதர் "அப்படியா சார், ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வாழைப்பழம் வாங்காமலே போய்விட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு வாத்துக் கதை. முன்பெல்லாம் அந்த ஊரிலிருந்து லண்டன் சந்தைக்கு மாடுகளை நடத்திக்கொண்டே போவார்களாம், கால்களுக்கு லாடம் அடித்து. வாத்துகளுக்கு லாடம் அடிக்க முடியுமா? அதனால் கால்களைத் தாரில் தோய்த்து மணலில் நடக்கவிடுவார்களாம். காய்ந்தால் சப்பாத்து மாதிரி ஆகிவிடுமாம். அப்படியே லண்டன் மட்டும் நடை.

"பாவங்கள்! செட்டை இருந்தும் பறக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் யாரோ இருமியது கேட்டது. பிறகு பிரணவி, "ஆத்துப் பாலத்துக்கு ஏழு வளைவு இருக்கு அம்மா" என்றாள்.

என்ன சமைத்தாள் என்று கேட்க மறந்துபோனேன்.

ஜூன் 17, செவ்வாய்

வேலையில் மேர்சியோடு சின்ன மனக்கசப்பு. ஹில்ஸ்பரோ முதியோர் இல்லக் குசினியில் நானும் அவளும்தான் கனகாலமாக மரக்கறி வெட்டுகிறோம். மன்னார்க்காரி, மனதில் பட்டதை அப்படியே சொல்லுவாள். அவளுடைய மகள் றெபேக்கா கல்யாணம் முடித்து இங்கேயே கிளென் ஈடனில் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஃபோன் எடுத்து ஒரு முறைப்பாடு. இன்றைக்குப் புருஷன் ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டுவிட்டானாம்.

நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், "என்ரை பிள்ளை ஒரு குறையும் சொல்லுறேல்லை" என்று.

மேர்சி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்டுமேயோ? குளிர், மழை எண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"கலியாணம் கட்டிப் போன புதுசிலை தாயிட்டைக் குறை சொல்லாத பிள்ளை எங்கையடி இருக்கு, யோகராணி?"

எரிச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கேரட்டை வட்டமாக வெட்டுவதற்குப் பதிலாக நீளமாக வெட்டி வைத்திருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கேட்டேன். என்ன சாப்பிட்டாய், குசினி எப்படி, அக்கம்பக்கத்தில் யார்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "எல்லாம் நல்லா இருக்கு அம்மா." வீட்டைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன். கமரா பழுதாம். பிறகு மியூசியத்துக்குத் தாவினாள். அந்தக் காலத்தில் பெடியன்மார் விரும்பின பெண்ணுக்கு மரத்தில் கரண்டி செதுக்கிக் கொடுப்பார்களாம். "கரண்டி குடுத்தால் சமையலும் அவனோ?" என்று பகிடி விட்டேன். சிரிக்கவில்லை.

இந்தப் பிள்ளை எங்களோடு இருந்த காலத்தில் வாயைத் திறந்தால் முறைப்பாடுதான். சோறு குழைந்தது, பாத்ரூம் குளிர், அப்பா நியூஸைச் சத்தமாகப் போடுகிறார். வாயை மூடு என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். இப்போது மூடிவிட்டாள். பிறகு எனக்கு என்ன வந்தது?

ஜூன் 29, ஞாயிறு

நேற்றுக் கோட்டைக்கு ஏறினார்களாம். மேலே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியுமாம். நிறையச் சனமாம். படம் அனுப்பச் சொன்னேன். மருமகனுடைய ஃபோனிலிருந்து வந்தது. நீல வானம், கோட்டை, பச்சைப் புல்.

படத்தில் பிள்ளை இல்லை. சனமும் இல்லை.

ஜூலை 2, புதன்

எங்களுடைய சனத்துக்குள் ஒருவரைப் பற்றி விசாரிப்பது பெரிய வேலையா? ரொறன்ரோவோ பாரிஸோ, ஒரு மச்சாள், ஒரு பள்ளித் தோழி என்று எங்கேயாவது ஓர் ஆள் அகப்படும். பிறகு இடியப்பம் அவிக்கிற பதம் வரை செய்தி வந்துவிடும். லான்மோரனில் ஒரு தமிழ்க் குஞ்சும் இல்லை. இந்தச் சம்பந்தத்தைப் பேசிய சோபனா லண்டனில் இருக்கிறாள், இவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி. எடுத்துக் கேட்டால், "தங்கமான பெடியன் அண்ணி" என்கிறாள். போன வருஷம் சொன்ன அதே சொல். அந்த ஊருக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை, இன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் யாரிடம் விசாரித்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் லான்மோரன் சுற்றுலாத் தகவல் நிலையத்துக்கு ஃபோன் எடுத்தேன். குவென் என்று ஒரு பெண், சம்பளமில்லாமல் உதவி செய்பவளாம். நான் நியூசிலாந்திலிருந்து வரப்போகிற பயணி மாதிரிக் கதைத்தேன். கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டேன்.

கோட்டை ஏப்ரலிலிருந்து பூட்டாம். சுவரிலிருந்து கல் விழுந்ததாம். ஆள் ஏற விடுவதில்லையாம். மிகவும் மன்னிப்புக் கேட்டாள், அவள் இடித்தது போல.

ஜூலை 3, வியாழன்

இவரிடம் சொன்னேன்.

"வெளியாலை நிண்டு பாத்திருப்பினம்."

"மேலை ஏறிப் பள்ளத்தாக்கைப் பாத்ததாமே?"

"உனக்கு எதிலையும் ஒரு நொட்டை. நான் பாத்துப் பேசின இடம் அது!"

அதுதான் விஷயம். இவர் பார்த்துப் பேசிய இடம். அதில் ஓட்டை இருக்கக் கூடாது. சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். போகட்டும். எனக்கும் இறங்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கோட்டையைப் பற்றிக் கேட்பதற்கு மனதில் எல்லாம் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் அந்த இருமல் இன்றைக்கும் கேட்டது. கிட்டத்தில். அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் நிற்பது போல. வாய் வரவில்லை.

என் வாழ்நாளில் முதல் தடவையாக என் பிள்ளையிடம் நானாக இங்கிலீஷில் கேட்டேன், நீ நன்றாக இருக்கிறாயா என்று.

"தமிழிலை கதையுங்கோ அம்மா" என்றாள்.

ஐயோ, எனக்கு என்ன செய்வதென்று தெரியேல்லை. என்ரை பிள்ளையை ஆரிட்டைக் குடுத்தனான்?

ஜூலை 8, செவ்வாய்

திரும்பவும் குவெனுக்கு எடுத்தேன். பாமசி நடத்துகிறவரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா! ஜனாவை ஊருக்கே பிடிக்குமாம். அவளுடைய தாய்க்கு மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பாராம். அவ்வளவு பண்பாம்.

நான் அவருடைய மாமி என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மனைவியின் தாய் என்று விளக்கினேன்.

குவென் மெல்லக் கேட்டாள், "ஜனாவுக்குக் கல்யாணமாகிவிட்டதா?"

நாலு தெரு உள்ள ஊர். யாருடைய நாய் நொண்டுகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும், அதையும்தான் சொன்னாள். என்னுடைய பிள்ளை மார்ச்சில் போனாள். இப்போது ஜூலை. அங்கே அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அவளிடம் உதவி கேட்டேன், முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரியிடம். போய்ப் பார்க்கிறேன் என்றாள். வியாழன் சந்தை நாள், அன்றைக்கு அவர் கடையை விட்டு அசைய முடியாதாம்.

ஜூலை 10, வியாழன்

குவென் எடுத்தாள். குரல் முந்தின மாதிரி இல்லை.

வீட்டுக்குப் போவதற்குப் பக்கத்தில் தனிக் கதவாம். மணி அடித்தாளாம், ஒருவரும் வரவில்லை. மேலே திரைச்சீலை அசைந்ததாம். கடிதம் போடுகிற துவாரத்தால், "உன் அம்மா அனுப்பித்தான் வந்திருக்கிறேன்" என்று சொன்னாளாம். படிகளில் ஓடி வருகிற சத்தம் கேட்டதாம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னிடம் திறப்பு இல்லை. அவர்தான் பூட்டிக்கொண்டு போவார்."

பொலிசைக் கூப்பிடவா என்று குவென் என்னிடம் கேட்டாள்.

இவர் அடுத்த அறையில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்கு என்னவெல்லாம் ஓடியது — அவளுடைய விசா அவருடைய கையில்தானே, சோபனா என்ன சொல்லுவாள், கோயிலில் என்ன கதைப்பார்கள், இவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டாமா. இதையும் எழுதி வைக்கிறேன். அந்த நேரத்திலும் கோயிலை நினைத்தேன்.

"கூப்பிடுங்கோ" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு அவளுக்கு விளங்கச் சொன்னேன்.

அறைக்குப் போய் ஐபாட்டை வாங்கி நிறுத்திவிட்டு இவரிடம் சொன்னேன்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"ஓம். கேக்காமல்தான்."

ஜூலை 11, வெள்ளி

பிள்ளை குவென் வீட்டில் இருக்கிறாள். பாஸ்போர்ட்டைப் பொலிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டது. இங்கிலீஷில்தான் கதைத்தாள், மூச்சு விடாமல். கடையில் பயணிகளுக்கு வைக்கிற துண்டுப் பிரசுரங்களை மேலே கொண்டுவந்து கொடுப்பானாம். சனிக்கிழமை அம்மாவுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில், வேறு கதை கூடாது. பக்கத்திலேயே நிற்பானாம். பிழை விட்டால் இருமுவானாம். பிறகு நடப்பதை அவள் சொல்லவில்லை. நானும் ஃபோனில் கேட்கவில்லை.

பாலம், மியூசியம், சந்தை — ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. பாத்ரூம் ஜன்னலால் கோட்டையில் ஒரு மூலை தெரியுமாம்.

இப்படிக் கதைத்த பிள்ளையைத்தான் ஒரு குறையும் சொல்லாதவள் என்று நான் மேர்சிக்கு முன்னால் பெருமையாக அளந்தேன்.

ஜூலை 19, சனி

வந்துவிட்டாள். கையில் குவென் கொடுத்த துணிப் பை மட்டும். நான் கட்டிப் பிடித்தேன், தோள் எலும்பு குத்தியது. இவர் தள்ளி நின்று எயார்போட் வண்டியை உருட்டினார், வைக்கிறதுக்கு ஒன்றுமில்லாத வண்டியை.

ஜூலை 27, ஞாயிறு

பிள்ளை எந்த அறைக்குப் போனாலும் கதவைத் திறந்தே வைக்கிறாள். ஃபோன் மணி அடித்தால் நிமிர்ந்து உட்காருகிறாள்.

சோபனா எடுத்தாள். பெடியன் அழுகிறானாம், ஊர் உலகத்தில் நடக்காததா என்கிறாள். பொலிஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறது, அவன் கடையைத் திறந்துகொண்டிருக்கிறான் என்று குவென் சொல்கிறாள். பாதி ஊர் குவெனோடு கதைப்பதில்லையாம். சனம் இன்னும் அவனிடம்தான் மருந்து வாங்குகிறது. நேற்று நம்பரை மறைத்து யாரோ எடுத்தார்கள். இருமல் மட்டும் கேட்டது.

இவர் பிள்ளையோடு இன்னும் கதைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்கிறார். எனக்குப் பயம் அவனை விட இவரில்தான். நாளைக்கு அவன் வந்து வாசலில் நின்று கும்பிட்டால் இந்த மனிதர் என்ன செய்வார்? மருமகன் என்று நாற்காலி இழுத்துப் போடுவாரோ?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில், அவள் வழக்கமாக எடுக்கிற அதே நேரத்துக்கு, இவருடைய ஃபோன் அடித்தது. மேசையில் கிடந்தது, எல்லாருக்கும் தெரிந்தது: 'மருமகன்'. பெயரைக்கூட இவர் இன்னும் மாற்றவில்லை. நான் பறிக்கக் கை நீட்டினேன். அதற்குள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"மாமா, சுகமா இருக்கிறியளோ? முழங்கால் எப்பிடி?" தேனாக ஒழுகுகிற குரல். "சின்ன மனஸ்தாபம், மாமா. நான் லீவு போட்டிட்டன். வந்து பிரணவியைக் கூட்டிக்கொண்டு போறன். அப்பிடியே ஓக்லண்டையும் ஒருக்காச் சுத்திப் பாத்த மாதிரி இருக்கும்."

பிரணவி தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றாள். குடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை. இவர் ஃபோனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவளை நேராகப் பார்த்தார்.

வாய் திறந்தார். ஓம், வாங்கோ என்று வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்தேன். இந்த மனிதர் வாழ்நாளில் யாரையும் வர வேண்டாம் என்று சொன்னதில்லை.

"இஞ்சை பாக்கிறதுக்கு ஒண்டுமில்லைத் தம்பி," என்றார். "வராதேங்கோ."

ஃபோனை வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். பிரணவியும் அவருக்குப் பின்னால் போனாள்.